“ஒரு கீறலுக்காக ட்ரிப்பையே கெடுத்துட்டீங்களே டாக்டர்!”

1/ போன ஆகஸ்ட்ல இலங்கைக்கு வனவிலங்கு பார்க்க ஒரு குழுவா போயிருந்தோம். 14 பேர், 6 நாள். கடைசி நாள் நடந்த ஒரு விஷயத்துக்காக எங்க வாட்ஸ்அப் குரூப்ல இன்னைக்கு வரைக்கும் நான்தான் வில்லன். தலைப்புல இருக்கறது அங்க எனக்கு வந்த மெசேஜ். அங்கேயே பதில் சொல்லிப் பாத்தேன், யாரும் கேக்கல. அதனால உங்ககிட்ட சொல்றேன். நீளமான த்ரெட். குழந்தைங்க இருக்கற வீடுன்னா கண்டிப்பா முழுசா படிங்க.

2/ நான் ஒரு தாலுகா அரசு மருத்துவமனைல டாக்டர். வெறும் எம்பிபிஎஸ்தான். பெரிய ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் கிடையாது. ஆனா நாய்க்கடி, பூனைக் கீறல், குரங்குக்கடி இல்லாம என் ஓபி ஒருநாள்கூட முடிஞ்சது இல்ல. இந்த ஒரு விஷயத்துல எனக்கு அனுபவம் உண்டு.

3/ ட்ரிப் அருமையான ட்ரிப். அதையும் சொல்லிடறேன். யால காட்டுல சிறுத்தை, உடவளவையில யானைக் குட்டிங்க. அஞ்சாவது நாள் சாயங்காலம் மின்னேரியா. மகாசேன மன்னன் 1,700 வருஷத்துக்கு முன்னாடி கட்டின ஏரி. வறட்சிக் காலத்துல தண்ணி உள்வாங்க உள்வாங்க, காலியான ஏரிப்படுகைல பச்சைப்புல் முளைக்கும். அதைத் தேடி சுத்துவட்டாரக் காட்டு யானை எல்லாம் வந்து சேரும். நாங்க பாத்தப்ப நூத்துக்கு மேல இருக்கும். யாரும் பேசல. எங்க குரூப் ஒரு அரைமணி நேரம் வாயை மூடிட்டு இருந்தது அன்னைக்கு மட்டும்தான்.

4/ கடைசி நாள். காலைல பொலன்னறுவை. அங்கிருந்து கொழும்பு, அங்க ரெண்டு மணி நேரம் ஷாப்பிங், ராத்திரி திருச்சிக்கு ஃப்ளைட். இதான் பிளான். பொலன்னறுவைல சோழர் காலத்துச் சிவன் கோயில் இருக்கு. கருங்கல் கோயில், நம்ம ஊர்ல நிக்கற மாதிரியே இருக்கும். எல்லாரும் அதைப் பாப்பாங்கன்னு நெனச்சேன். ஆனா எல்லார் கண்ணும் குரங்கு மேல.

5/ அந்தக் குரங்கு இலங்கைல மட்டும்தான் இருக்கு, உலகத்துல வேற எங்கயும் காட்டுல கிடையாது. உச்சந்தலைல முடி வட்டமா விரிஞ்சு தொப்பி வெச்ச மாதிரி இருக்கும். சிங்களத்துல ரிலவான்னு சொல்றாங்க. 1968-லேருந்து விஞ்ஞானிங்க தலைமுறை தலைமுறையா பின்தொடர்ந்து ஆராய்ச்சி பண்ற கூட்டம் இந்தப் பொலன்னறுவைக் குரங்குங்கதான். ஒரு கூட்டத்துக்குள்ள யார் பெரியவ, யார் சின்னவ, யார் முதல்ல சாப்பிடணும்னு ஒரு பெரிய அரசியலே நடக்கும். பாக்கறதுக்கு அவ்ளோ இருக்கு. கைல பிஸ்கட் மட்டும் இருக்கக் கூடாது.

6/ எங்க வேன் டிரைவர் மட்டக்களப்பு பக்கத்துக்காரர். வண்டியை விட்டு இறங்கும்போதே சொன்னார்: “சேர், குரங்குக்கு ஒண்டும் குடுக்க வேணாம். பையையும் திறக்க வேணாம்.” எல்லாரும் சரின்னு தலையாட்டுனோம். பத்து நிமிஷம்.

7/ குரூப்ல ஒரு அண்ணன். நல்ல மனுஷன், பறவை போட்டோ எடுக்கறதுல கில்லாடி. அவரோட பையனுக்கு 9 வயசு. பையன் கைல பிஸ்கட் பாக்கெட்டைக் குடுத்து, “கைய நீட்டுடா, அது வந்து வாங்கும், அப்பா வீடியோ எடுக்கறேன்”னார். குரங்கு வந்துச்சு. ஒரு பிஸ்கட் வாங்குச்சு. ரெண்டாவது குடுக்கறதுக்குள்ள பாக்கெட்டையே இழுத்துச்சு. பையன் விடல. கடிச்சிடுச்சு. உள்ளங்கைல கட்டைவிரலுக்குக் கீழ ரெண்டு பல் பதிஞ்சு ரத்தம்.

8/ அடுத்த ரெண்டு நிமிஷத்துல நடந்ததை அப்படியே எழுதறேன். ஒருத்தர் சானிடைசரை ஊத்தினார். ஒரு அக்கா ஹேண்ட்பேக்லேருந்து மஞ்சத்தூள் எடுத்தாங்க. இன்னொருத்தர் பேண்ட்-எய்டு ஒட்டப் போனார். ஒரு பெரியம்மா, “திருப்பதில என்னையும்தான் கீறுச்சு, எனக்கு என்ன ஆச்சு?”ன்னாங்க. அப்பாக்காரர் சொன்னது: “ஒண்ணும் இல்ல, கீறல்தான். அழாதடா.” ஒருத்தருக்குக்கூட தண்ணிக்குழாய் ஞாபகம் வரல.

9/ பையனைத் தூக்கிட்டுப் போய் குழாய்ல கையை வெச்சேன். சோப்பு போட்டு, ஓடற தண்ணில, முழுசா 15 நிமிஷம். வாட்ச் பாத்து 15 நிமிஷம். பின்னாடி எல்லாரும் “போதும் டாக்டர், போதும் டாக்டர்”னு. போதாது. ரேபிஸ் வைரஸைச் சுத்தி ஒரு கொழுப்பு உறை இருக்கு. சோப்பு அதை உடைக்கும், ஓடற தண்ணி கழுவித் தள்ளும். காசு செலவில்லாத இந்த வேலை பெரிய பாதுகாப்பு. மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் இதைச் செய்யாது. புண்ணை ரணமாக்கும், அவ்வளவுதான்.

10/ அப்புறம் சொன்னேன்: “பக்கத்துல கவர்மெண்ட் ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு கேளுங்க. இப்பவே போகணும்.” அங்கதான் சண்டை ஆரம்பிச்சுது. அன்னைக்கு என்கிட்ட வெச்ச வாதங்களை ஒண்ணொண்ணா எடுத்துக்கறேன். ஏன்னா இதே வாதங்களைத்தான் என் ஓபிலயும் வாரா வாரம் கேக்கறேன். உங்க வீட்லயும் யாராவது சொல்லியிருப்பாங்க.

11/ வாதம் ஒண்ணு: “நாய்க்குத்தானே ரேபிஸ்? குரங்குக்கு ஏது?”
பாலூட்டி எதுவா இருந்தாலும் ரேபிஸ் வரலாம். மனுஷங்களுக்கு வர்ற ரேபிஸ்ல கிட்டத்தட்ட எல்லாமே நாய்கிட்டேருந்துதான், உண்மை. குரங்குகிட்டேருந்து வர்றது அபூர்வம், அதுவும் உண்மை. ஆனா நாய்ங்களுக்கு ரேபிஸ் இருக்கற நாட்டுல, தெருவுக்கும் கோயிலுக்கும் நடுவுல சுத்தற குரங்கை எந்த நாய் எப்ப கடிச்சுதுன்னு யாருக்குத் தெரியும்? அதனாலதான் இந்தியாலயும் இலங்கைலயும் குரங்குக்கடிக்கு ஊசி போடறோம்.

12/ வாதம் ரெண்டு: “குரங்கு நல்லாத்தானே இருக்கு? பத்து நாள் பாக்கலாமே?”
பத்து நாள் கவனிக்கற கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். அதுவும் ஊசியை ஆரம்பிச்சுட்டுத்தான் கவனிக்கணும். குரங்குக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அப்புறம், யார் கவனிப்பாங்க? அந்தக் கூட்டத்துல கடிச்சது எதுன்னு அடையாளம் காட்ட முடியுமா உங்களால? நாம ராத்திரி ஃப்ளைட்ல திருச்சி போயிடுவோம். குரங்கு கூடவே வருமா?

13/ வாதம் மூணு: “சின்னக் கீறல்தானே?”
தோல் கிழிஞ்சு ரத்தம் வந்தா அது மூணாம் வகை. அதாவது தடுப்பூசி மட்டும் போதாது, காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் போடணும். தடுப்பூசி நம்ம உடம்பைத் தானா எதிர்ப்புசக்தி தயாரிக்க வைக்கும், அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் காவலுக்கு நிக்கறது இம்யூனோகுளோபுலின். கை, முகம், தலை இதெல்லாம் நரம்பு நெருக்கமா இருக்கற இடம். பெரிய கடியா சின்னக் கடியான்னு வைரஸ் அளவெடுத்துட்டு உள்ள போகாது.

14/ வாதம் நாலு: “தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்க, குழந்தை தாங்குமா?”
அந்தப் பழைய ஊசி ஆட்டு மூளைலேருந்து எடுத்தது. இந்தியால 2004-லேயே அதை நிறுத்தியாச்சு. 20 வருஷம் தாண்டிடுச்சு, பயம் மட்டும் போகல. இப்ப தோளுக்குக் கீழ, ரெண்டு கைலயும், தோலுக்குள்ள ஒரு சொட்டு. 0, 3, 7, 28-ஆம் நாள். மொத்தம் நாலு தடவை. தமிழ்நாட்டுல அரசு மருத்துவமனைல இலவசம்.

15/ வாதம் அஞ்சு. இதைச் சொன்னது அந்த அப்பா: “ஊருக்குப் போய் பாத்துக்கலாம் டாக்டர். நீங்கதான் இருக்கீங்களே.”
இதுக்கு நேர்மையா பதில் சொல்றேன். ஒரு ராத்திரி தள்ளிப்போனா பையன் செத்துருவானா? அநேகமா இல்ல. பொய் சொல்லி யாரையும் பயமுறுத்த எனக்கு விருப்பம் இல்ல. ஆனா “ஊருக்குப் போய்” என்ன நடக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்.

16/ நடுராத்திரி வீடு. காலைல எல்லாரும் அசந்து தூங்குவாங்க. மறுநாள் பையனுக்கு ஸ்கூல், அப்பாவுக்கு ஆபீஸ். மூணாம் நாள் காயம் ஆறிப்போய் தெரியவே தெரியாது. “அதான் ஆறிடுச்சே”ன்னு பாட்டி சொல்லும். வாரக் கடைசில பாக்கலாம்னு தோணும். வாரக் கடைசில ஒரு கல்யாணம் வரும். ஊசி போடாம போன ஒவ்வொருத்தரும் “போட மாட்டேன்”னு முடிவெடுத்தவங்க கிடையாது. “நாளைக்கு”ன்னு சொன்னவங்கதான்.

17/ ஏன் நான் இவ்ளோ பிடிவாதம் பிடிச்சேன்னு ஒரு காரணம் இருக்கு. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நைட் டியூட்டில ஒருத்தர் வந்தார். நாப்பது வயசு இருக்கும். நல்ல தெளிவா பேசறார், தானா நடந்து வர்றார். மனைவி சொன்னாங்க, “ரெண்டு நாளா தண்ணி குடிக்க மாட்டேங்கறார் சார்.” சீனியர் ஒரு டம்ளர் தண்ணி குடுத்தார். வாய்கிட்ட போறதுக்குள்ள தொண்டை இழுத்துக்கிச்சு. டம்ளரைத் தூக்கி எறிஞ்சுட்டார். ஃபேன் காத்து பட்டாலும் அதே மாதிரி. சீனியர் முகம் மாறினதை நான் பாத்தேன்.

18/ மூணு மாசம் முன்னாடி வீட்டு வாசல்ல ஒரு நாய்க்குட்டி கையைக் கவ்வியிருக்கு. குட்டிதானேன்னு மஞ்சள் வெச்சு விட்டுட்டார். கடைசி வரைக்கும் அவருக்குச் சுயநினைவு வந்து வந்து போச்சு. அதுதான் கொடுமை. “எனக்கு என்ன சார் ஆச்சு?”ன்னு என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லல. வெளில அவர் மனைவி, “எவ்ளோ செலவானாலும் பரவால்ல”ன்னு தாலிக்கொடியைக் கழட்டப் போனாங்க. செலவு பண்ண அங்க ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது நாள் விடிகாலைல போயிட்டார்.

19/ அறிகுறி வந்துட்டா ரேபிஸுக்கு மருந்து இல்ல. பிழைச்சவங்களை விரல்விட்டு எண்ணிடலாம். கடிச்ச உடனே பாத்தா கிட்டத்தட்ட முழுசா தடுத்துடலாம். மருத்துவத்துல இப்படி ரெண்டு முனையும் இவ்ளோ தெளிவா இருக்கற நோய் ரொம்பக் கம்மி. அப்படியும் உலகத்துல ரேபிஸ் சாவுல மூணுல ஒண்ணுக்கு மேல நம்ம நாட்டுல நடக்குதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சந்தேகக் கடி வாங்கறவங்கள்ல பத்துல நாலு பேர் 15 வயசுக்குக் கீழ. இதைத்தான் அந்த மரத்தடில நின்னு சொன்னேன். “ட்ரிப் வந்த இடத்துல சாவைப் பத்தி பேசாதீங்க”ன்னாங்க.

20/ கடைசில பேச்சை முடிச்சு வெச்சது டிரைவர்தான். “பிள்ளைய ஏத்துங்க சேர். நான் கொண்டு போறன். இங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காசு இல்ல.” வேனை எடுத்துட்டார். வேன்ல எல்லாருமே இருந்ததால எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியதாப் போச்சு. அதான் பெரிய குத்தம்.

21/ அங்க நர்ஸை மிஸ்ஸின்னு கூப்பிடறாங்க. அந்த மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. நடுவுல டிரைவர். காயத்தைப் பாத்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி: “சோப்பு போட்டுக் கழுவினீங்களா? எவ்வளவு நேரம்?” எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு. டெஸ்ட் டோஸ் போட்டு அரைமணி பாத்தாங்க. அப்புறம் காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின், கைல முதல் தடுப்பூசி. பையன் கத்தினான். உள்ளங்கைல ஊசின்னா வலிக்கும், மறைக்க மாட்டேன். எங்ககிட்ட ஒரு ரூபாய்கூட கேக்கல. அடுத்த ஊசிக்கான தேதி எழுதி ஒரு சீட்டு குடுத்தாங்க.

22/ இலங்கைல 1970-கள்ல வருஷத்துக்கு 300 பேருக்கு மேல ரேபிஸ்ல செத்துட்டு இருந்தாங்க. இப்ப அது சில பத்துப் பேரா குறைஞ்சிருக்கு. மாயமந்திரம் இல்ல. நாய்களுக்குத் தடுப்பூசி, கடி வாங்கினவங்களுக்கு அரசு ஆஸ்பத்திரில இலவச ஊசி, அதைப் போடற ஒரு மிஸ்ஸி. சுற்றுலா போற நாட்டுல யானையும் சிறுத்தையும் மட்டும் இல்ல பாக்கறதுக்கு. இதையும் பாத்துட்டு வரலாம்.

23/ எல்லாம் சேத்து மூணு மணி நேரம் போச்சு. கொழும்பு ஷாப்பிங் கேன்சல். நேரா கட்டுநாயக்க ஏர்போர்ட். வேன்ல ஒருத்தரும் என்கூட பேசல. டீத்தூள் வாங்க முடியல, சேலை வாங்க முடியல, “ஒரு கீறலுக்காக” எல்லாம் போச்சு. தராசுல ஒரு பக்கம் 9 வயசுப் பையன், இன்னொரு பக்கம் டீத்தூள். படிச்சவங்க, வேலைல இருக்கறவங்க, ஒவ்வொருத்தர் கழுத்துலயும் லட்ச ரூபாய் லென்ஸ். அவங்க தராசு இது.

24/ இப்ப குரங்கோட பக்கம் பேசறேன். ஏன்னா எல்லாரும் கடைசில அதைத்தான் திட்டினாங்க. “ராஸ்கல் குரங்கு.” அது என்ன தப்பு பண்ணுச்சு? குடுக்கறேன்னு நீட்டினீங்க, வாங்குச்சு. மனுஷன் கைன்னா சாப்பாடுன்னு அதுக்குச் சொல்லிக்குடுத்தது நாம. நமக்கு முன்னாடி வந்த ஆயிரம் பேர். நாளைக்குக் கை நீட்டாத குழந்தை மேலயும் அது பாயும்.

25/ அதுக்கு அப்புறம் என்ன ஆகும்? இலங்கைல இந்தக் குரங்கு விவசாயிங்களுக்குப் பெரிய தொல்லை. 2023-ல ஒரு லட்சம் குரங்கை சீனாவுக்கு அனுப்பலாம்னு பேச்சு எழுந்து பெரிய சர்ச்சை ஆச்சு. 2025 பிப்ரவரில நாடு முழுக்க கரண்ட் போனதுக்குக் காரணம் துணை மின்நிலையத்துல புகுந்த ஒரு குரங்குன்னு மந்திரியே சொன்னார். அடுத்த மாசமே நாடு முழுக்கக் குரங்குக் கணக்கெடுப்பு. அந்த ஊர் விவசாயிக்குக் கோபப்பட நியாயம் இருக்கு, அவர் தேங்காய் போகுது. ஆறு நாள் டூர் போன நமக்கு என்ன நியாயம்? பிஸ்கட் போட்டுப் பழக்கிட்டு வந்துடுவோம். அடி வாங்கறது குரங்கு.

26/ யானைக்கும் இதே கதைதான். இலங்கைல மனுஷன்–யானை மோதல்ல சமீப வருஷங்கள்ல ஆண்டுக்கு 300 யானைக்கு மேல சாகுது, 100 மனுஷங்களுக்கு மேல சாகறாங்க. புத்தல–கதிர்காமம் ரோட்டுல யானை வண்டியை மறிச்சு சாப்பாடு கேக்கும். அதை அப்படிப் பழக்கினது யார்? காட்டுக்குள்ள புல் தின்ன யானை கிடையாது அது. வாழைப்பழம் தூக்கிப் போட்ட கை.

27/ இங்க என் தப்பையும் சொல்லணும். ரெண்டாவது நாள் உடவளவை வேலியோரமா ஒரு யானை நின்னுட்டு இருந்துச்சு. நம்ம குரூப்ல ரெண்டு பேர் இறங்கி மாம்பழம் குடுத்தாங்க. நான் வேன்லயே இருந்தேன். பாத்தேன். ஒண்ணும் சொல்லல. லீவுல வந்த இடத்துல எதுக்கு வாத்தியார் வேலைன்னு நெனச்சேன். அந்தப் பையன் அன்னைக்கு என் பக்கத்து சீட்ல இருந்து எல்லாத்தையும் பாத்தான். “அங்கிள், அது கடிக்காதா?”ன்னு கேட்டான். சிரிச்சு மழுப்பிட்டேன். அன்னைக்கு நான் வாயைத் திறந்திருந்தா கடைசி நாள் வேற மாதிரி இருந்திருக்கும். குரூப்ல என்னைத் திட்டணும்னா இதுக்குத் திட்டுங்க. ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போனதுக்குத் திட்டாதீங்க.

28/ “நாங்க இயற்கை ஆர்வலர்கள்”னு சொல்லிக்கறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மின்னேரியால அரைமணி நேரம் சும்மா உக்காந்து பாத்தோமே, அதுதான் வனவிலங்கு பாக்கறது. கைல ஊட்டி வீடியோ எடுக்கறது சர்க்கஸ். சர்க்கஸ்ல மிருகங்களைத் தடை பண்ணணும்னு போஸ்ட் போடறீங்க, பொலன்னறுவைல நீங்களே சர்க்கஸ் நடத்தறீங்க.

29/ சேவ் பண்ணி வெச்சுக்கங்க:
• நாய், பூனை, குரங்கு, எது கடிச்சாலும் கீறினாலும் உடனே சோப்பு, ஓடற தண்ணி, 15 நிமிஷம்.
• மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேணாம். இறுக்கிக் கட்டு போடாதீங்க. டாக்டர் பாக்காம தையலும் வேணாம்.
• அன்னைக்கே பக்கத்து அரசு மருத்துவமனை. வெளிநாடா இருந்தாலும் அங்கேயே ஆரம்பிங்க, மீதியை ஊர்ல போட்டுக்கலாம். சீட்டைப் பத்திரமா வெச்சுக்கங்க.
• ரத்தம் வந்த காயம்னா “இம்யூனோகுளோபுலின் வேணுமா?”ன்னு நீங்களே வாய்விட்டுக் கேளுங்க.
• லேட் ஆயிடுச்சா? பரவால்ல, இப்பவாவது போங்க. லேட்டுங்கறது போகாம இருக்கறதுக்குக் காரணம் கிடையாது.

30/ இன்னும் ரெண்டு:
• காடு மேடுன்னு அடிக்கடி சுத்தறவங்க கடி வாங்கறதுக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டுக்கலாம். போட்டிருந்தா, கடிச்ச பிறகு 0, 3-ஆம் நாள் ரெண்டு டோஸ் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.
• குழந்தைங்ககிட்ட “கடிச்சா திட்ட மாட்டேன், வந்து சொல்லு”ன்னு சொல்லி வைங்க. அடி விழும்னு பயந்து மறைச்ச குழந்தைங்களை நான் பாத்திருக்கேன்.

31/ கடைசியா. அந்த அண்ணன் இன்னும் என்கூட பேசறது இல்ல. குரூப்லேருந்து என்னைத் தூக்கிட்டாங்க, பரவால்ல. ஆனா 28-ஆம் நாள் சாயங்காலம் பையனோட அம்மாகிட்டேருந்து ஒரு மெசேஜ் வந்துச்சு. “நாலாவது ஊசி போட்டாச்சு தம்பி. அவருக்குத் தெரியாம நான்தான் கூட்டிட்டுப் போனேன். ரொம்ப நன்றி.” கூடவே ஒரு போட்டோ. ஆரம்ப சுகாதார நிலைய வாசல்ல, ரெண்டு கைலயும் பஞ்சை அழுத்திப் பிடிச்சுட்டு, மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு நிக்கறான்.

32/ அந்தப் போட்டோ எனக்குப் போதும். டீத்தூள் கேட்டவங்க அட்ரஸ் அனுப்புங்க, நானே வாங்கி கூரியர் பண்றேன்.

உங்க ஃபேமிலி குரூப்ல, முக்கியமா டூர் குரூப்ல போட்டு விடுங்க. (முடிந்தது)